தென்காசி வயல்வெளிகள்

தென்காசி வயல்வெளிகள் என்பது தமிழ்நாட்டின் தென்காசி நகரையும் குற்றாலம், செங்கோட்டை, ஆய்க்குடி, சுந்தரபாண்டியபுரம், சுரண்டை ஆகிய ஊர்களையும் சூழ்ந்துள்ள திறந்த விளைநிலப் பரப்பைக் குறிக்கும். மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் தொடங்கும் இப்பரப்பு, சிற்றாற்றுப் பாசனத்தில் விளையும் நன்செய்களையும் அவற்றுக்குக் கிழக்கே மழையையும் கிணற்றையும் நம்பிய புன்செய்களையும் கொண்டது. நெல் விளைந்த இந்நிலங்கள் காலப்போக்கில் ஆட்டுக்கிடை, திரைப்படப் படப்பிடிப்பு, சூரியகாந்திச் சுற்றுலா, காற்றாலை, வீட்டுமனை எனப் பல பயன்பாடுகளைக் கண்டுள்ளன. இவற்றுள் பெரும்பாலானவை பருவம் முடிந்ததும் நிலத்தை மீண்டும் உழவுக்கே விட்டுவிடுபவை அல்லது உழவோடு சேர்ந்து நடப்பவை. வீட்டுமனை அவ்வாறானதன்று.

நில அமைப்பும் பருவமும்

தென்காசிக்கு மேற்கே மலைத்தொடரில் உள்ள இடைவெளி செங்கோட்டைக் கணவாய் அல்லது ஆரியங்காவுக் கணவாய் எனப்படுகிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கேரளப் பகுதியில் பெய்யும் மழையின் ஒரு பகுதி இவ்வழியே சாரலாகத் தென்காசி வரை வந்துசேரும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலத்தில் ‘சீசன்’ என்று சொல்லப்படுவது இந்தக் காலமே. தமிழ்நாட்டின் பெரும்பாலான பகுதிகள் வறண்டிருக்கும் மாதங்களில் தென்காசி வயல்கள் பச்சையாக இருப்பதற்கு இதுவே காரணம். மலையிலிருந்து கிழக்கே செல்லச் செல்லச் சாரல் குறைந்து, வெறுங்காற்று மட்டும் வலுவாக வீசும். அங்குள்ள மானாவாரி நிலங்கள் ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவமழையைச் சார்ந்தவை.

குற்றால மலையில் தோன்றும் சிற்றாறு, பேரருவியாக விழுந்து தென்காசி வழியே கிழக்கு நோக்கி ஓடி, சீவலப்பேரி அருகே தாமிரபரணியுடன் கலக்கிறது. ஆற்றின் குறுக்கே அடுத்தடுத்துக் கட்டப்பட்ட அணைக்கட்டுகளிலிருந்து கால்வாய்கள் பிரிந்து குளங்களை நிரப்புகின்றன. ஒரு குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அந்த நீர் அடுத்த குளத்துக்குச் செல்லும். குளத்து மடையிலிருந்து வரும் நீர் வாய்க்கால் வழியாக வயலை அடைந்து, வரப்பில் வெட்டிய வாமடை மூலம் மேல் வயலிலிருந்து கீழ் வயலுக்கு இறங்கும். செங்கோட்டை அருகே 36 அடி உயரக் குண்டாறு அணை, மேக்கரை அருகே 132 அடி உயர அடவிநயினார் அணை, கடையநல்லூர் அருகே 72 அடி உயரக் கருப்பாநதி அணை ஆகியவை பிற்காலத்தில் இவ்வமைப்புக்குத் துணையாகக் கட்டப்பட்டவை.

பழைய திருநெல்வேலிச் சீமை முழுவதிலும் வழங்குவதுபோல இங்கும் நெல் சாகுபடி இரண்டு பருவங்களாகப் பிரிக்கப்படுகிறது. தென்மேற்குப் பருவமழையின் நீரில் ஆனி, ஆடியில் தொடங்குவது கார். வடகிழக்குப் பருவமழையை ஒட்டி ஐப்பசி, கார்த்திகையில் நட்டு மாசி, பங்குனியில் அறுப்பது பிசானம். பிசான அறுவடைக்கும் அடுத்த கார் நடவுக்கும் இடையே வயல் சில மாதங்கள் தரிசாகக் கிடக்கும். வயலின் பிற பயன்பாடுகள் பலவும் இந்த இடைவெளியில் தோன்றியவையே.

நிலத்தைக் குறிக்கும் சொற்கள்

இப்பகுதியில் திறந்த நிலத்தைக் குறிக்கப் பல சொற்கள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு பயன்பாட்டையோ உரிமையையோ காட்டுகிறது. பாசன வசதியுள்ள நிலம் நன்செய். அது இல்லாதது புன்செய். மழையை மட்டும் நம்பியது மானாவாரி. ஊர்ப் பேச்சில் நன்செய் ‘வயக்காடு’ என்றும் புன்செய் ‘விளை’, ‘காடு’ என்றும் வழங்கும். ஒரே மடையில் பாயும் வயல்களின் தொகுதி ‘பற்று’ எனப்படும். இது பேச்சுவழக்கில் ‘பத்து’ ஆகிறது. கதிரடிக்கும் இடம் களம். ஊர் மாடுகள் கூடும் இடம் மந்தை. மரமும் பயிரும் இல்லாத வெளி பொட்டல்.

வருவாய்த்துறைச் சொல்லான ‘புறம்போக்கு’, தனியார் பட்டாவில் சேராமல் பொதுவில் விடப்பட்ட நிலத்தைக் குறிக்கிறது. குளம், ஓடை, வாய்க்கால், மேய்ச்சல் தரை, களம், சுடுகாடு, வண்டிப்பாதை முதலியவை புறம்போக்கில் அடங்கும். பயனற்ற நிலம் என்ற பொருளில் இச்சொல் பேச்சில் வசையாக மாறிவிட்டது. ஆனால் ஊரின் உழவும் கால்நடை வளர்ப்பும் இந்தப் பொது நிலங்கள் இன்றி நடவா. ‘காலி இடம்’ என்று பார்வைக்குத் தோன்றும் வெளியில் பெரும்பாலும் யாரேனும் ஒருவருடைய நீர்வழியோ மேய்ச்சலோ நடைபாதையோ இருக்கும்.

கோயிலும் வயலும்

தென்காசி நகரின் வளர்ச்சி காசி விசுவநாதர் கோயிலை ஒட்டியது. பிற்காலப் பாண்டியரான பராக்கிரம பாண்டியர் 1446-ஆம் ஆண்டில் இக்கோயிலைக் கட்டத் தொடங்கினார். மதுரையை இழந்த பின் பாண்டியர்கள் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை தென்காசியைத் தலைமையிடமாகக் கொண்டு ஆண்டனர். சுந்தரபாண்டியபுரம், அழகியபாண்டியபுரம் போன்ற ஊர்ப்பெயர்கள் அம்மரபை நினைவூட்டுகின்றன. கோயில் வழிபாட்டுக்கும் திருவிழாவுக்கும் வேண்டிய வருவாய் வயல்களிலிருந்து வந்தது. அரசரும் செல்வரும் கோயிலுக்கு அளித்த கொடைகளில் விளைநிலங்களுக்கு முதன்மையான இடம் உண்டு.

குற்றாலநாதர் கோயிலுக்குரிய வயல்கள் இலக்கியத்திலும் இடம்பெற்றுள்ளன. திரிகூடராசப்பக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டில் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சியின் பிற்பகுதியில், சிங்கன் என்னும் குறவன் பறவை பிடிக்க வருகிறான். பறவைகள் இறங்கி மேயும் இடங்களாகக் கோயிலுக்குரிய வயல்களும் சுற்றியுள்ள ஊர்களும் அங்கே அடுக்கிச் சொல்லப்படுகின்றன. இந்நூலுக்குப் பரிசாக மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் கவிராயருக்கு அளித்த நிலம் ‘குறவஞ்சி மேடு’ என்று பெயர் பெற்றது. வயல் என்பது நெல் விளையும் இடம் மட்டுமன்று, நீர்ப்பறவைகளின் இரைநிலமும் ஆகும் என்பதற்கு இந்நூல் ஒரு பழஞ்சான்று.

அறுவடைக்குப் பின் வயல்

அறுவடை முடிந்த வயலில் பயிர்க்காரரின் உரிமை ஓரளவு தளர்ந்து, பிறருக்கும் இடம் கிடைப்பது பழைய வழக்கம். ஆடு வளர்ப்போர் தங்கள் மந்தைகளை இரவில் வயலில் அடைத்து வைப்பதற்குக் கிடை போடுதல் என்று பெயர். ஆட்டுப் புழுக்கையும் சிறுநீரும் நிலத்துக்கு எருவாகும். இதற்காக நிலக்காரர் கிடைக்காரருக்கு நெல்லாகவோ பணமாகவோ கூலி கொடுப்பார். அதேபோல் வாத்து மேய்ப்போர் அறுத்த வயலில் சிந்திய நெல்மணிகளையும் நத்தை, பூச்சிகளையும் தேடி வாத்துக் கூட்டங்களை ஓட்டி வருவர். ஒரே நிலத்தில் நிலக்காரர், கிடைக்காரர், வாத்துக்காரர் மூவரும் அடுத்தடுத்துப் பயன் பெறுவதற்கு எழுதப்பட்ட ஒப்பந்தம் எதுவும் தேவைப்படவில்லை.

கோடையில் கொடை விழாக்கள் நடக்கும்போது, கோயிலை ஒட்டிய தரிசு வயல் வில்லுப்பாட்டுக் கேட்கவும் கடை விரிக்கவும் வண்டி நிறுத்தவும் உதவும். சிறுவர்களுக்கு அதுவே கபடிக்களமும் கிரிக்கெட் மைதானமும் ஆகும். மதுரைத் தமுக்கம் மைதானம், சென்னைத் தீவுத்திடல் ஆகியவை பொது நிகழ்ச்சிகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட வெளிகள். தென்காசியின் வெளி அப்படிப்பட்டதன்று. அது பெரும்பாலும் தனியார் பட்டா நிலமாக இருந்தும், பருவத்தால் பொதுவெளி ஆகிவந்தது. எனவே நிலக்காரர் விற்றுவிட்டால் அந்தப் பொதுப் பயன்பாடும் அதனோடு முடிந்துவிடும்.

ஆங்கிலேயர் ஆட்சியும் கேரளச் சந்தையும்

1801-இல் கர்நாடகப் பகுதியின் நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபின் திருநெல்வேலி அதன் நேரடி ஆட்சியில் ஒரு மாவட்டமானது. இரயத்துவாரி முறையில் நிலம் அளக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் எண்ணும் தீர்வையும் இடப்பட்டன. ஊத்துமலை, சொக்கம்பட்டி போன்ற பாளையங்களின் பகுதிகள் ஜமீன்களாகத் தொடர்ந்தன. 1948-ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் எஞ்சியிருந்த ஜமீன் நிலங்களும் இரயத்துவாரியின் கீழ் வந்தன.

செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பகுதியாக, பின்னர் திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தின் பகுதியாக இருந்து, மொழிவாரி மாநிலப் பிரிவினையின்போது சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. 1904-இல் செங்கோட்டை–கொல்லம் இருப்புப்பாதை திறக்கப்பட்டது கணவாய் வழி வணிகத்துக்கு வலுவூட்டியது. இன்றும் தென்காசி வயல்களின் விளைச்சலுக்குக் கேரளமே அருகிலுள்ள பெரிய சந்தை. பாவூர்ச்சத்திரம் காய்கறிச் சந்தையிலிருந்து நாள்தோறும் லாரிகள் புளியரை வழியாக மலையைக் கடக்கின்றன. ஓணத்துக்கு முந்திய வாரங்களில் காய்கறிக்கும் பூவுக்கும் தேவை கூடும். நெல்லிலிருந்து காய்கறி, பூ, தென்னை எனப் பயிர் மாறியதில் இச்சந்தைக்குப் பெரும் பங்கு உண்டு.

திரைப்படத்தில் வயல்வெளி

தென்காசியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள சுந்தரபாண்டியபுரம் திரைப்படங்களால் பரவலாக அறியப்பட்டது. 1992-இல் வெளிவந்த மணிரத்னத்தின் ‘ரோஜா’ படத்தில் கதாநாயகியின் ஊராக இப்பெயரே வருகிறது. பச்சை வயலும் அதன் பின்னணியில் மேகம் படிந்த மலையும் ஒரே சட்டத்தில் அமைவது படப்பிடிப்பாளர்களை ஈர்த்தது. 2005-இல் வெளிவந்த ஷங்கரின் ‘அந்நியன்’ படப் பாடலுக்காக இங்குள்ள பாறைகளில் நடிகர்களின் முகங்கள் வரையப்பட்டன. வண்ணம் மங்கிய பின்னும் அவ்விடம் ‘அந்நியன் பாறை’ என்ற பெயரோடு பார்வையாளர்களை ஈர்க்கிறது.

படப்பிடிப்பு வயலுக்குப் புதிய மதிப்பைத் தந்தது. விளைச்சலுக்காக மட்டும் மதிக்கப்பட்ட நிலம் தோற்றத்துக்காகவும் மதிக்கப்படலாயிற்று. ஆனால் அந்தத் தோற்றம் உழவின் விளைவே. நாற்று நடாத வயலுக்கும் நீர் தேங்காத குளத்துக்கும் அந்த அழகு இராது.

சூரியகாந்தியும் சுற்றுலாவும்

சூரியகாந்தி இந்தியாவில் எண்ணெய்வித்துப் பயிராக 1969-க்குப் பின் சோவியத் நாட்டு இரகங்களின் வரவால் பரவியது. தென்காசிப் பகுதியில் சுந்தரபாண்டியபுரம், சாம்பவர்வடகரை, சுரண்டை, ஆய்க்குடி ஆகிய ஊர்களின் செம்மண் புன்செய்களில் இது பயிராகிறது. ஏறத்தாழ மூன்று மாதப் பயிரான இது, இங்கே ஜூலை, ஆகஸ்டில் பூக்கும். அதே சமயம் குற்றால சீசனும் நடப்பதால், குறிப்பாகக் கேரளத்திலிருந்து திரளானோர் பூ வயல்களைப் பார்க்க வருகின்றனர். சமூக ஊடகப் படங்களால் இக்கூட்டம் பெருகியுள்ளது.

இளஞ்செடி கிழக்கிலிருந்து மேற்காகச் சூரியனைத் தொடர்ந்து திரும்பும். முழுதும் மலர்ந்த பூ பெரும்பாலும் கிழக்கு நோக்கியே நின்றுவிடும். எனவே காலையில் படமெடுக்க வருவோரே மிகுதி. சூரியகாந்தியில் மணி பிடிக்கத் தேனீக்களின் மகரந்தச் சேர்க்கை முக்கியம். வரிசைகளுக்குள் கூட்டமாக நுழைவதால் தண்டுகள் ஒடிகின்றன, பூக்கள் பறிக்கப்படுகின்றன, கால் பட்டு மண் இறுகுகிறது. ஒரு பூ பறிக்கப்பட்டால் அந்தச் செடியின் விளைச்சல் முழுவதும் போய்விடும். இதனால் சில விவசாயிகள் வேலி கட்டியும் வயலுக்குள் நுழையக் கட்டணம் வாங்கியும் இழப்பை ஈடுசெய்கின்றனர். சாலையோரத்தில் இளநீர், நுங்கு, சோளக்கதிர் விற்போருக்கு இக்கூட்டத்தால் வருவாய் கிடைக்கிறது. நிலக்காரருக்குக் கிடைப்பது அவர் வேலி போட்டாரா இல்லையா என்பதைப் பொறுத்திருக்கிறது.

காற்றாலைகள்

தமிழ்நாட்டில் காற்றாலைப் பண்ணை முதன்முதலில் 1986-இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் அமைந்தது. பின்னர் ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு, கம்பம் ஆகிய கணவாய்களின் காற்றுப் பாதைகளில் காற்றாலைகள் பெருகின. தென்காசிக்குக் கிழக்கிலும் வடகிழக்கிலும் உள்ள மானாவாரி நிலங்கள் செங்கோட்டைக் கணவாய்க் காற்றின் நேர்வழியில் உள்ளன. மே முதல் செப்டம்பர் வரை இங்கு மின்னுற்பத்தி மிகுதி.

காற்றாலைக் கோபுரத்தின் அடித்தளத்துக்கும் அதற்குச் செல்லும் பாதைக்கும் வேண்டிய நிலம் போக, சுற்றியுள்ள பகுதியில் உழவு செய்யலாம். இதனால் மழையை நம்பிய புன்செய்க்கு இது இரண்டாவது வருவாயாக அமைய முடியும். எனினும் நிலத்தைக் குத்தகைக்கு விட்டவருக்கும் அடியோடு விற்றுவிட்டவருக்கும் வேறுபாடு பெரிது. விற்றவருக்கு ஒருமுறைத் தொகை மட்டுமே. காற்றின் பயன் நிறுவனத்தைச் சேரும்.

வீட்டுமனையாக மாறுதல்

தென்காசி நகராட்சியின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 70,000. 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டமானது. மாவட்டத் தலைநகருக்கு உரிய அலுவலகங்கள், குடியிருப்புகள், சாலை விரிவாக்கம், குற்றாலத்தைச் சுற்றிய தங்கும் விடுதிகள் ஆகியவற்றால் நிலத்தின் விலை உயர்ந்தது. நெல்லின் வருவாயை மனையின் விலையோடு ஒப்பிட்டால் விற்பதே இலாபம் என்று தோன்றும். வேலையாள் பற்றாக்குறை, பாகப்பிரிவினையில் சிறுத்துப்போன வயல், வெளியூரில் குடியேறிய வாரிசுகள் ஆகியவையும் விற்பனைக்குக் காரணங்கள்.

நன்செய் மனையாவதன் விளைவு விற்ற நிலத்தோடு நிற்பதில்லை. இதற்குப் பாசன அமைப்பே காரணம். மேல் வயலின் வாமடை வழியாகவே கீழ் வயலுக்கு நீர் வரும் இடத்தில், நடுவிலுள்ள ஒரு வயலைக் கிராவல் கொட்டி உயர்த்தினால் கீழ் வயல்களுக்கு நீர் நின்றுவிடும். மழைக்காலத்தில் வடிகால் இல்லாமல் மேல் வயலில் நீர் தேங்கும். பாசனம் கெட்ட வயலை அதன் உரிமையாளர் தரிசாக விடுவார். சில ஆண்டுகளில் அதுவும் விற்பனைக்கு வரும். ஒரு குளத்தின் ஆயக்கட்டு இவ்வாறு சுருங்கியதும், மடையைப் பழுதுபார்க்கவும் கால்வாயைத் தூர்வாரவும் கூடும் ஆட்கள் குறைவர். பயன்படுத்தாத கால்வாய் குப்பை கொட்டும் இடமாகவும் ஆக்கிரமிப்பாகவும் மாறும். அதன் வழியே நிரம்ப வேண்டிய அடுத்த குளமும் வறளும். வயலிலும் குளத்திலும் தேங்கும் நீர் கிணறுகளுக்கு ஊற்றாவதால், நகரின் குடிநீரும் இதனால் பாதிக்கப்படும்.

தாழ்வான நன்செய்யில் கட்டிய வீடுகளுக்கும் சிக்கல் உண்டு. ஐப்பசி மழையில் பழைய நீர்வழியே நீர் வந்து தெருவில் நிற்கும். பத்திரத்தில் மனை என்று எழுதப்பட்டாலும் நிலத்தின் சாய்வு மாறுவதில்லை.

சட்டங்கள்

நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கு அடிப்படையானது 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். அனுமதி பெறாத மனைப்பிரிவுகளைப் பத்திரப்பதிவு செய்ய 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தது. அதன்பின் 2017-இல் வெளியான விதிகள், 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான அனுமதியற்ற மனைப்பிரிவுகளைக் கட்டணம் பெற்று வரன்முறைப்படுத்த வழி செய்தன. திட்டப் பகுதிகளுக்கு வெளியே விளைநிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதற்கான விதிகளும் 2017-இல் வந்தன.

நீர்நிலைகளுக்கென 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் உள்ளது. ஊர்ப் பொதுநிலங்களை ஆக்கிரமித்தோரை வெளியேற்ற மாநில அரசுகள் திட்டம் வகுக்க வேண்டும் என்று ஜக்பால் சிங் வழக்கில் 2011 ஜனவரி 28 அன்று உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. குளங்களைத் தூர்வாரும் குடிமராமத்துப் பணிகளை 2017-இல் தமிழ்நாடு அரசு மீண்டும் தொடங்கியது.

2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் காவிரிப் படுகைப் பகுதிகளுக்கானது. எண்ணெய், எரிவாயு எடுத்தல் போன்ற தொழில்களை அது தடுக்கிறது. தென்காசி அதில் அடங்காது. கணவாய்க்கு அப்பால் கேரளத்தில் 2008-ஆம் ஆண்டிலிருந்து நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் உள்ளது. நெல்வயலை நிரப்புவதற்கு அச்சட்டம் கடுமையான கட்டுப்பாடு விதிக்கிறது. ஒரே மழையைப் பகிரும் இரு பகுதிகளில் வயலுக்குக் கிடைக்கும் சட்டப் பாதுகாப்பு இவ்வாறு வேறுபடுகிறது.

பறவைகள்

குளமும் நெல்வயலும் சேர்ந்த பரப்பு நீர்ப்பறவைகளுக்கு வாழிடம். கொக்கு, நாரை, அரிவாள் மூக்கன், நீர்க்காகம் முதலியவை குளத்து மரங்களில் தங்கி வயல்களில் இரை தேடுகின்றன. குளிர்காலத்தில் வலசைப் பறவைகளும் வருகின்றன. திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி மாவட்டக் குளங்களில் 2011 முதல் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு தன்னார்வலர் துணையுடன் நடத்தப்படுகிறது. குளம் காக்கப்பட்டாலும் அதைச் சுற்றிய வயல் மறைந்தால் இப்பறவைகளின் இரைநிலம் குறைந்துவிடும்.

பயன்பாடுகளின் ஒப்பீடு

தென்காசி வயல்வெளியின் பயன்பாடுகளை அவை நிலத்தை எந்நிலையில் விட்டுச்செல்கின்றன என்பதைக் கொண்டு வகைப்படுத்தலாம். கிடையும் வாத்து மேய்ச்சலும் நிலத்துக்கு எரு சேர்த்துவிட்டுப் போகின்றன. விழாவும் விளையாட்டும் அடுத்த உழவில் தடமின்றி மறைகின்றன. படப்பிடிப்பும் பூச்சுற்றுலாவும் உழவு தொடர்ந்தால்தான் தாமும் தொடர முடியும். காற்றாலை நிலத்தின் ஒரு பகுதியை நிரந்தரமாக எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவைக்கிறது. வீட்டுமனை ஒன்றே நிலத்தையும் அதன் நீர்வழியையும் திரும்பப் பெற முடியாதபடி மாற்றுகிறது.

வளரும் மாவட்டத் தலைநகருக்கு வீடுகள் தேவை. பாசனம் இல்லாத மேட்டுப் புன்செய்கள் நகரைச் சுற்றி இருக்க, ஆயக்கட்டு நடுவிலுள்ள நன்செய் மனையாவதே அமைப்புக்குக் கேடு விளைவிக்கிறது. ஆகவே எந்த நிலம் வீடாகலாம் என்பதைப் புல எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. அந்தப் புலம் எந்த மடையில் பாய்கிறது, அதற்குக் கீழே எத்தனை வயல்கள் உள்ளன, மிகைநீர் எந்தக் குளத்துக்குப் போகிறது என்பவற்றையும் பார்த்தாக வேண்டும். ஊர் முதியவர்களும் மடை பார்ப்பவர்களும் இவற்றை அறிவர். வருவாய்த்துறைப் புல வரைபடங்களிலும் வாய்க்கால்களும் ஓடைகளும் குறிக்கப்பட்டுள்ளன. மனை வாங்குவோர் பட்டாவோடு இந்த வரைபடத்தையும் பார்ப்பது, அவர்களுக்கும் கீழ் வயலில் பயிர் செய்பவருக்கும் ஒருசேரப் பயன்படும்.